முள் கீழே இறங்கியது, நான் நிம்மதியானேன்

முதல் பதிவு

இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். பழைய பெட்ரோல் கார், என்னிடம் வருவதற்குள் இரண்டு கை மாறியது. நெடுஞ்சாலை, நல்ல வெயில், பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும். அன்று பாதியைத் தாண்டியது. ஏற்றம் என்பதால் இருக்கும் என்று நினைத்தேன். சிவப்பை நெருங்கியதும் ஓரம் கட்ட இடம் பார்த்தேன். அந்த நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. பாதிக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. அப்பாடா என்றிருந்தது. அம்மாவை எழுப்ப வேண்டாமே என்று அப்படியே ஓட்டினேன். நாலைந்து கிலோமீட்டர் போயிருப்பேன். மிதித்தால் இழுவை இல்லை, பானட்டுக்குள் கடகடவென்று சத்தம், இனிப்பான ஒரு வாசனை, வண்டி நின்றுவிட்டது.

ஹோஸ் வெடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் முழுவதும் போயிருந்தது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் முள் சரியாகக் காட்டும். கூலன்ட் வற்றிய பிறகு அதைச் சுற்றி இருந்தது காற்றும் ஆவியும்தான், அதனால்தான் முள் இறங்கியது. இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட்டும் போனது. செலவு மறந்துவிட்டது. அந்த முள் இறங்கியபோது எனக்கு வந்த நிம்மதி மட்டும் மறக்கவில்லை. இப்படி ஒரு நொடி உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு மலையிறக்கம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தேன், மூன்றாவது கியரில். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. முன்னால் போன லாரியுடையது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் போய்க் கால்மிதியைத் தொட்டது. எதிர்ப்பே இல்லை. பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. இப்போதும் தூக்கத்தில் வலது காலை அப்படி அழுத்தி விழித்துக்கொள்கிறேன்.

மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவதில் போட்டேன், அப்புறம் முதலாவதில். இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கின் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே மெல்ல மெல்ல இழுத்தேன். ஒரு தடுப்புச் சுவரோரம் நின்றது. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி இருக்கிறது! ஒர்க்‌ஷாப்பில் யாரும் நம்பவில்லை. பேடு, டிஸ்க், எங்கும் கசிவில்லை, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 ஆகிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் வந்துவிடும். நாம் மிதிக்கும் அழுத்தம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மறையும், தடயமும் மறையும். வண்டி வாங்கிய நாளிலிருந்து நான் அந்த ஆயிலை மாற்றவே இல்லை.

மறுமொழி 2

மேலே இரண்டு பேருமே தங்கள் மேல் உள்ள தவறை வண்டி மேல் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் 20 வருடமாக ஓட்டுகிறேன். ஒரே ஒரு முறை பேட்டரி காலை வாரியது, அதுவும் முந்தின நாள் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியதைக் கவனிக்காமல் விட்டதால். அவ்வளவுதான் என் கதை.

முதல் பதிவு எழுதியவருக்குச் சொல்கிறேன். வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பார்த்தாலே ஹோஸ் வெடிக்கப் போகிறது என்று தெரிந்திருக்கும். முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழு அளவில் திறந்து ஃபேனை வேகமாக வையுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துவிடும். ஜன்னலை இறக்கிவிட்டு ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விட்டு, அத்தனையும் கொதித்து முகத்துக்கு வரும். நன்றாக ஆறட்டும், மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், அதையும் செய்யாதீர்கள்.

மலையிறக்கத்துக்கு ஒரே விதிதான். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், தேய்க்காதீர்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். இவ்வளவையும் செய்கிறவருக்கு அனுபவம் என்று எழுத ஒன்றும் இருக்காது.

மறுமொழி 3

ஹீட்டர் யோசனை பாதிதான் சரி, நண்பரே. கூலன்ட் இருந்தால்தான் ஹீட்டர் சூட்டை இழுக்கும். முதல் பதிவில் கூலன்டே இல்லை. அங்கே ஹீட்டரைத் திறந்தால் சில்லென்ற காற்றுதான் வந்திருக்கும். இன்ஜின் சூடாகி ஹீட்டர் குளிர்ந்தால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

என் விஷயம் வீல் நட். பஞ்சர், ஸ்டெப்னி மாற்றினேன், நானே இறுக்கினேன், காலால் ஏறி மிதித்தும் இறுக்கினேன். மறுநாள் வேகம் குறையும்போதெல்லாம் இடது பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் மறைந்துவிடும். அதனால் வேகமாகவே போனேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஸ்டியரிங் ஆடத் தொடங்கியதும் இறங்கிப் பார்த்தேன். நாலு நட்டில் ஒன்று இல்லை. மற்ற மூன்றையும் ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே சுற்ற முடிந்தது. குனிந்து அந்த நட்டை இரண்டு விரலால் சுற்றிய அந்த உணர்வு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. வீல் உட்காரும் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே துரு. இறுக்கும்போது கெட்டியாகத்தான் இருந்தது, ஓட ஓட அந்தத் துரு நசுங்கி இடைவெளி விட்டிருக்கிறது. இப்போது எந்த வீலைக் கழற்றினாலும் துருவைத் தேய்த்துவிட்டு, திருகில் கொஞ்சம் கிரீஸ் வைத்து மாட்டுகிறேன்.

மறுமொழி 4

இது கார் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின், புதிது, முதல் ஓட்டம். நான் பக்கத்து அறையில் இருந்தேன். ஸ்பின் தொடங்கியதும் சுவரே இடிகிற மாதிரி சத்தம். ஓடிப் போய் அந்த அறையின் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. மெஷின் தானாக நகர்ந்து வந்து உள்ளேயிருந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. தள்ளத் தள்ள அதுவும் என்னைத் திருப்பித் தள்ளியது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது. கொண்டுவரும்போது டிரம் ஆடாமலிருக்க, பின்பக்கம் போல்ட் போட்டு அனுப்புவார்கள். மாட்டித் தந்தவர்கள் அதைக் கழற்றவில்லை, எனக்கும் தெரியாது. போல்ட் இருக்கும்வரை ஆட்டத்தை வாங்கும் ஸ்பிரிங்கும் டேம்பரும் வேலை செய்யாது, டிரம்மின் ஆட்டம் முழுவதும் மெஷினின் உடம்புக்கு வந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த நேரத்தில் யாரும் இல்லை.

மறுமொழி 5

வீல் நட் எழுதியவர் கிரீஸ் வைப்பதை உடனே நிறுத்துங்கள், தயவுசெய்து. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் அளவு, அதாவது எவ்வளவு விசையில் இறுக்குவது என்பது, காய்ந்த திருகுக்கானது, வேறு மாதிரி அவர்களே சொல்லியிருந்தால் தவிர. கிரீஸ் இருந்தால் உராய்வு குறைந்து, அதே அளவுக்கு இறுக்கினாலும் நட் ஏறும் கம்பியான ஸ்டட் அதிகமாக இழுபடும். ஒரு ஸ்டட் கழுத்தோடு முறிந்து கையோடு வந்ததைப் பார்த்தவன் நான், சத்தம்கூட வரவில்லை. துருவைத் தேய்ப்பது சரி. காலால் மிதித்து இறுக்குவதும் வேண்டாம், டார்க் ரெஞ்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை பாருங்கள். அதைச் செய்திருந்தால் அந்த டக் டக் உங்களுக்குக் கேட்டே இருக்காது.

மறுமொழி 6 (முதல் பதிவு எழுதியவர்)

எல்லாரையும் படித்தேன். பிரேக் எழுதியவரே, கண்ணாடியை ஏற்றிவிட்டேன் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஹீட்டர் குளிர்ந்தால் நிறுத்து என்பதை அன்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றிருக்கிறது.

வாரம் ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுதியவருக்கு. பார்த்தேன், ஐயா. கிளம்பும் முன்பும் பானட்டைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் கோட்டளவுக்கு இருந்தது, ஹோஸ் கறுப்பாக வழவழவென்று இருந்தது. வெடித்த துண்டை வைத்திருக்கிறேன். உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு நேற்று அதை எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் இப்போதும் புதிது மாதிரிதான். உள்பக்கம்தான், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஓரத்தில் கோடு கோடாகப் பிளந்திருக்கிறது, வெடிப்பு அங்கிருந்துதான் வெளியே வந்திருக்கிறது. ஆறிய ஹோஸை நடுவில் ஒரு முறை, கிளாம்ப் ஓரத்தில் ஒரு முறை விரலால் அழுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஓரம் மட்டும் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் அண்ணன் பின்னால் சொன்னார். நேற்று அறுப்பதற்கு முன்னால் அழுத்திப் பார்த்தேன். நடு கெட்டி, ஓரம் கொழகொழவென்று இருந்தது.