ரோகு மேல் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, பச்சைப் பொடி போடலாமா?

மேலூர் குட்டைக்காரன்:
மேலூர் பக்கம் இருபது சென்ட் பண்ணைக்குட்டை. ஆடியில் ரோகு, கட்லா குஞ்சு விட்டது, இப்போது கால் கிலோ வந்திருக்கிறது. போன வாரம் எடை பார்க்க வலை இழுத்தோம். நாலு நாள் கழித்துப் பார்த்தால் ஏழெட்டு ரோகு கரையோரமாகவே சோர்ந்து சுற்றுகின்றன, முதுகிலும் வால்பக்கமும் வெள்ளையாகப் பஞ்சு. தண்ணீரை விட்டு எடுத்தால் அந்தப் பஞ்சு சளி மாதிரி உடம்போடு படிந்துவிடுகிறது, வாளியில் விட்டால் திரும்ப விரிகிறது. இன்று காலை இரண்டு செத்து மிதந்தன. கடையில் ஒரு பச்சைப் பொடி கொடுத்து, கரைத்து ஊற்றினால் போதும் என்கிறார்கள். ஊற்றலாமா?

வைகைக்கரை:
அண்ணே, ஊற்றிவிடாதீர்கள். பச்சைப் பொடி என்றால் அநேகமாக மாலகைட் கிரீன் என்கிற சாயம். கேட்கும், அதை இல்லையென்று சொல்ல முடியாது, ஒரு காலத்தில் குஞ்சு பொரிக்கிற இடங்களில் முட்டைக்கு இதைத்தான் போட்டார்கள். ஆனால் சதையில் மாதக்கணக்கில் தங்கும், புற்றுநோய் பயம் இருப்பதால் சாப்பிடுகிற மீனுக்குத் தடை. அது கிடக்கட்டும், எடை பார்த்தபோது மீனை எதில் போட்டு வைத்தீர்கள்?

மேலூர் குட்டைக்காரன்:
பிளாஸ்டிக் கூடையில்தான். தண்ணீர் இல்லை. தராசுக்காரர் வரத் தாமதமாகி அரை மணி நேரம் ஆகிவிட்டது. வலையும் பழைய முடிச்சு வலை.

மீன்வளம் படித்தவன்:
அப்போ அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. இது சாப்ரோலெக்னியா. பூஞ்சை என்றே எல்லோரும் சொல்கிறோம், நிஜத்தில் பாசி வகைக்குத்தான் நெருங்கிய சொந்தம், 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்ததே, அதற்கும் பங்காளி. அதனால் பயிருக்கு அடிக்கிற பூஞ்சைக்கொல்லி பலதும் இதனிடம் பலிக்காது. இதன் வித்துகள் எந்தக் குட்டையிலும் நீந்திக்கொண்டுதான் இருக்கும், மீன் மேல் இருக்கிற வழவழப்பு அவற்றை ஒட்டவிடாது. நீங்கள் முடிச்சு வலையில் இழுத்து, கூடையில் போட்டு உரசியதில் அந்த வழவழப்பும் கொஞ்சம் செதிலும் போயிருக்கும், மார்கழிக் குளிரில் மீனுக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, பிறகென்ன.

செத்ததை உடனே எடுத்துப் புதையுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து, பஞ்சு பிடித்த மீனை ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள், சாயத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். திரும்ப அந்த வலையால் பிடிக்காதீர்கள், பழைய வேட்டித் துணியை நனைத்து அதில் ஏந்துங்கள். ஒரு வாரத்துக்குத் தீவனத்தைக் குறையுங்கள்.

சோழவந்தான் தூண்டில்:
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் கண்மாயில் மழைக்கு அப்புறம் விராலுக்கெல்லாம் சிவப்பாகப் புண் விழுந்து, சதை குழிந்து தெரிகிறது. பஞ்சு அவ்வளவாக இல்லை. இதுவும் அதுதானா?

மீன்வளம் படித்தவன்:
இல்லை, அது அஃபனோமைசிஸ், இதே கூட்டத்தில் இன்னொன்று. சாப்ரோலெக்னியா பெரும்பாலும் தோலோடு நிற்கும், இது சதைக்குள் இறங்கிவிடும். 1971இல் ஜப்பானில் முதலில் பார்த்தார்கள், 1988இல் இந்தியாவுக்கு வந்தது. விராலும் நாட்டுக் கெண்டையும் மாட்டும், ஜிலேபி மீனுக்கு ஒன்றும் ஆகாது. மழைத் தண்ணீர் வந்து காரத்தன்மை குறைந்து, குளிரவும் செய்தால் கிளம்பும். குட்டை என்றால் பி.எச். பார்த்துச் சுண்ணாம்பு போடலாம், கண்மாய் முழுக்க யார் போடுவது? மேலூர்க்காரர் கண்மாய்த் தண்ணீரைக் குட்டைக்குத் திருப்பாமல் இருந்தால் நல்லது.

மேலூர் குட்டைக்காரன்:
ஆறு மீனுக்கு உப்புத் தண்ணீர் காட்டிவிட்டேன். ஒன்று ஒரு நிமிடத்துக்குள்ளேயே மல்லாந்துவிட்டது, பதறிப்போய்க் குட்டையில் விட்டேன், கொஞ்ச நேரம் கிடந்து அப்புறம் நிமிர்ந்து போய்விட்டது. பொடியைக் கடையில் திருப்பிக் கேட்டால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். சரி, போகட்டும். முடிச்சில்லாத வலை மதுரையில் எங்கே கிடைக்கும்?