கோர் 2 டுவோ லேப்டாப்புக்கும் ஆட்டம் நெட்புக்குக்கும் எந்த லினக்ஸ்?

வைகைக்கரை கேட்டது:

இரண்டு பழைய கணினிகளுக்கு ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் போட வேண்டும்.

லேப்டாப்: இன்டெல் கோர் 2 டுவோ டி6600, ஜிஎம்45 சிப்செட், 2 ஜிபி டிடிஆர்2 ரேம் (ஒரே குச்சி, இன்னொரு ஸ்லாட் காலி), 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், பிராட்காம் 4312 வைஃபை. இப்போது இருப்பது விண்டோஸ் 7, 32 பிட். குரோம் 109-ஓடு நின்றுவிட்டதால் பல தளங்கள் சரியாகத் திறப்பதில்லை.

நெட்புக்: ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம், 1024×600 திரை, விண்டோஸ் எக்ஸ்பி.

தேவை: பிரவுசிங், யூடியூப், தமிழ்99-இல் தட்டச்சு, லிப்ரேஆபிஸ், எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர். இரண்டிலும் ஒரே டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) இருந்தால் பராமரிக்கச் சுலபம் என்று பார்க்கிறேன். லேப்டாப்பில் 32 பிட் விண்டோஸ் இருப்பதால் 32 பிட் லினக்ஸ்தான் போட வேண்டுமா? டெபியன், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், பப்பி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ரூட்யூசர் பதில்:

ஒரே டிஸ்ட்ரோ என்பதை முதலில் விட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு சாதி.

டி6600 முழு 64 பிட் சிப். அதில் 32 பிட் விண்டோஸ் ஏற்றி விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் சிபியு-இசட் என்ற புரோகிராமைத் திறந்து, இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வரியில் இஎம்64டி (64 பிட் என்பதற்கான குறி) இருக்கிறதா என்று பாருங்கள். என்270-இல் அது இருக்காது. அது 32 பிட் மட்டுமே.

இந்த வித்தியாசம் இப்போது ஏன் முக்கியம்? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் (ஓஎஸ்-இன் மையப்பகுதி) இல்லை. டெபியனை அடித்தளமாகக் கொண்டவையும் அதே வழியில் போய்விட்டன: எம்எக்ஸ் 25, மின்ட்டின் எல்எம்டிஇ 7 இரண்டும் 64 பிட் மட்டுமே. கூகுள் 32 பிட் லினக்ஸுக்கு குரோம் தருவதை 2016-இலேயே நிறுத்திவிட்டது. மொஸில்லாவும் ஃபயர்பாக்ஸ் 144-ஓடு முடித்துக்கொண்டது. நீண்டகாலப் பதிப்பான இஎஸ்ஆர் 140-க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரை என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே லேப்டாப்புக்கு டெபியன் 13, 64 பிட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை கவலை இல்லை. எல்எக்ஸ்கியூடி என்ற டெஸ்க்டாப் இன்னும் கொஞ்சம் ரேம் மிச்சம் பிடிக்கும், ஆனால் செட்டிங்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கைக்குக் கிடைப்பது எக்ஸ்எஃப்சிஇயில்தான். லுபுண்டுவும் ஓடும், ஆனால் அதில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது, சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க நெடுநேரம் பிடிக்கும். அல்மா 9, ராக்கி 9, ஓப்பன்சூசே லீப் 16 பக்கம் போகவே வேண்டாம். அவை எதிர்பார்க்கும் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் கோர் 2 டுவோவில் கிடையாது, பூட்டே ஆகாது.

நிறுவும்போது பலரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் திரையை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போதுதான் உங்கள் கணக்குக்கு சூடோ உரிமை (நிர்வாக வேலைகளைச் செய்யும் அனுமதி) தானாகக் கிடைக்கும். அங்கே எதையாவது அடித்துவிட்டு, பிறகு ‘சூடோயர்ஸ் ஃபைலில் நீங்கள் இல்லை’ என்று பிழை வருகிறதே என வந்து கேட்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது, டெஸ்க்டாப் தேர்வுத் திரையில் க்னோம் டிக் செய்யப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇயை டிக் செய்யுங்கள். இரண்டிலும் டிக் இருந்தால் இரண்டும் ஏறும்.

ரேம் 2 ஜிபி-யாகவே இருக்கும்வரை இசட்ரேம் டூல்ஸ் பேக்கேஜைப் போடுங்கள். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது உதவும் கூடுதல் இடம்) பயன்படுத்தும். கை வைக்காமல் விட்டால் 256 எம்பிதான் எடுத்துக்கொள்ளும். அதன் கான்ஃபிக் ஃபைலில் பர்சென்ட் என்ற வரியின் முன்னால் உள்ள ஹேஷ் குறியை நீக்கி 50 என்று வையுங்கள். கூடவே எர்லிஊம் போட்டால், ரேம் தீரும்போது மவுஸ்கூட நகராமல் உறைந்து நிற்பதற்குப் பதில், அதிகம் தின்னும் புரோகிராமை மட்டும் மூடிவிடும்.

நெட்புக்குக்கு ஆன்டிஎக்ஸ் 23, 32 பிட், ஃபுல் பதிப்பு. டெபியன் 12 அடித்தளம், லேசான ஐஸ்டபிள்யூஎம் விண்டோ மேனேஜர், சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நடத்தும் பெரிய மென்பொருள்) கிடையாது. லிப்ரேஆபிஸும் உள்ளேயே வரும். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு; ஆனால் பிரவுசர் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும். அதில் வங்கிக் கணக்கு, ஆதார் தளம் எல்லாம் திறக்காதீர்கள். தட்டச்சு, பிடிஎஃப், பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_இரும்பு பதில்:

மேலே சொன்னதில் குறை இல்லை. ஆனால் எல்லோரும் டிஸ்ட்ரோவையே பிடித்துத் தொங்குகிறார்கள். கனமான டெஸ்க்டாப்புக்கும் லேசானதுக்கும் வித்தியாசம் சில நூறு எம்பி. ஒரு செய்தித் தளத்தை ஒரே டேபில் திறந்தால் அது காணாமல் போய்விடும். கணினி இழுப்பது டெஸ்க்டாப்பால் அல்ல; பிரவுசராலும் ஹார்ட் டிஸ்க்காலும்.

லேப்டாப்பில் செய்ய வேண்டியது:

ரேம்: 200 பின் டிடிஆர்2 சோடிம், 2 ஜிபி, 800 மெகாஹெர்ட்ஸ் ஒன்று காலி ஸ்லாட்டில். ஜிஎம்45 சிப்செட் 8 ஜிபி வரை தாங்கும் என்றாலும் 4 ஜிபி டிடிஆர்2 குச்சி அரிது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். 2+2 போதும். புதிதாகக் கிடைக்காது, ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். டிடிஆர்3 குச்சிக்கு 204 பின், வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஏறாது. பழைய குச்சியைக் கையோடு கொண்டுபோனால் குழப்பம் இல்லை. மாட்டியதும் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். ரேமில் பழுது இருந்தால் பிரவுசர் திடீர் திடீரென மூடும், இன்ஸ்டால் பாதியில் நிற்கும், பழியெல்லாம் லினக்ஸ் மேல் விழும்.

டிஸ்க்: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 120 அல்லது 240 ஜிபி, எந்த சாதாரண ரகமும் போதும். இந்தத் தலைமுறை லேப்டாப்பில் இருப்பது 3 ஜிகாபிட் சாட்டா, ஆகவே நொடிக்கு 270, 280 எம்பிக்கு மேல் வராது. அதிக விலை கொடுத்து வேகமான எஸ்எஸ்டி வாங்குவது வீண். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5. இருக்கை தளர்வாக இருந்தால் எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். இன்ஸ்டால் செய்யும் முன் பயாஸில் சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ ஆக்குங்கள்.

கடைசியாக சிஆர்2032 பட்டன் பேட்டரி. இந்த வயது மதர்போர்டில் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். செத்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். எல்லாத் தளமும் ‘சான்றிதழ் செல்லாது’ என்று மறுக்கும், அப்டேட் போட்டால் ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வரும். பார்த்தால் நெட்வொர்க் பிரச்சினை மாதிரியே இருக்கும்.

குட்டிநாய் பதில்:

நெட்புக்குக்கு பப்பி லினக்ஸை ஏன் யாரும் சொல்லவில்லை? புக்வார்ம்பப் 32 பிட் இருக்கிறது. முழுவதும் ரேமில் ஓடும், பென்டிரைவிலிருந்தே வேலை நடக்கும். லேப்டாப்புக்கு குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போட்டால் பராமரிப்பே கிடையாது.

ரூட்யூசர் பதில்:

பப்பி கெட்டதல்ல. டிஸ்க் போன கணினியிலிருந்து ஃபைல்களை மீட்க அதைவிட எளிதான ஆயுதம் இல்லை. ஆனால் தினசரிப் பயன்பாட்டுக்கு 1 ஜிபி ரேமில் சிஸ்டத்தையும் ரேமிலேயே வைத்தால் பிரவுசருக்கு என்ன மிஞ்சும்? வழக்கமாக எல்லாமே ரூட் கணக்கில் ஓடும் என்பதும் மாற்றங்களை ஒரே ஃபைலில் சேமிக்கும் சேவ் ஃபைல் முறையும் புதியவர்களைக் குழப்பும்.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் ஓப்பன் சோர்ஸ் அல்ல. கூகுள் கேட்பது குறைந்தது 4 ஜிபி ரேம், 2010-க்குப் பிந்தைய கணினி. இந்த லேப்டாப் இப்போதைய நிலையில் இந்த இரண்டு நிபந்தனையிலும் தேறாது.

தமிழ்99 பதில்:

தட்டச்சு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇயின் கீபோர்டு செட்டிங்ஸில் லேஅவுட் சேர்க்கும்போது இந்தியப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். தனி மென்பொருள் தேவையில்லை என்று அதைச் சேர்த்துவிடுவீர்கள். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற முறை. தமிழ்99-இன் மூளை அதில் இல்லை. ‘க’ இருமுறை அடித்தால் ‘கக’ என்றே நிற்கும், ‘க்க’ ஆகாது.

சரியான வழி ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், கூடவே ஐபஸ் எம்17என் பேக்கேஜ். நிறுவியதும் ஐஎம் கான்ஃபிக் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். பிறகு ஐபஸ் செட்டிங்ஸில் தமிழ் என்பதற்குள் தமிழ்99 சேருங்கள். பிரவுசரில் தமிழ் வந்து லிப்ரேஆபிஸில் மட்டும் வரவில்லை என்றால், லிப்ரேஆபிஸை டெஸ்க்டாப்போடு இணைக்கும் ஜிடிகே3 பேக்கேஜ் இல்லை என்று பொருள்.

எழுத்துருவுக்கு நோட்டோ அல்லது லோகித் தமிழ். ரைட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து தமிழைத் தேருங்கள். இல்லாவிட்டால் எழுத்துரு அளவை மாற்றும்போது ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். பாமினி, வானவில்லில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைல்களை விண்டோஸிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். டிஸ்க்கை அழித்த பிறகு தேடினால் அலைச்சல்.

வைகைக்கரை:

லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டி டெபியன் 13 போட்டாயிற்று. நன்றி. வைஃபை பட்டியலில் எதுவுமே வரவில்லை. யூடியூப் 720-இல் திணறுகிறது. பிரிண்டர் பெயர் வருகிறது, அச்சிட்டால் விளக்கு மட்டும் மினுக்குகிறது.

ரூட்யூசர் பதில்:

வைஃபை: 4312-இன் ஃபர்ம்வேரை (கார்டை இயக்கும் உள்மென்பொருள்) மறுவிநியோகம் செய்ய டெபியனுக்கு உரிமம் இல்லை, அதனால்தான் இன்ஸ்டாலரில் வராது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். வயர்டு இணைப்பாகத் தானே வந்துவிடும். பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் மெயின் என்று உள்ள வரிகளின் கடைசியில் கான்ட்ரிப் என்று சேர்த்து அப்டேட் செய்யுங்கள் (ஆங்கிலச் சிற்றெழுத்தில்). பிறகு பி43 (இந்தக் கார்டுக்கான லினக்ஸ் டிரைவர்) ஃபர்ம்வேர் இன்ஸ்டாலர்களில் எல்பி-ஃபி வகையைத் தேர்ந்து நிறுவுங்கள். அது பிராட்காமின் டிரைவரை இறக்கி அதிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுக்கும், அதனால்தான் இணையம் வேண்டும். ரீபூட். சில பக்கங்களில் பிராட்காம் எஸ்டிஏ என்ற இன்னொரு டிரைவர் பேக்கேஜையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். அது பி43-ஐ ஓடவிடாமல் பிளாக்லிஸ்ட் செய்துவிடும், பிறகு எது ஓடுகிறது என்று தெரியாது. இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். இந்தக் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பட்டியலில் வராது.

யூடியூப்: இந்த கிராபிக்ஸுக்கு யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வீடியோ வடிவங்களை டீகோட் செய்யும் திறன் கிடையாது, முழுச் சுமையும் சிபியு மேல் விழுகிறது. ஃபயர்பாக்ஸில் எச்264இஃபை எக்ஸ்டென்ஷன் போட்டால் யூடியூப் எச்.264 வடிவையே அனுப்பும், அது சிபியுவுக்கு எளிது. 480-இல் வைத்துப் பாருங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போடுங்கள். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டரை (நிழல் போன்ற திரை அலங்காரங்களைச் செய்வது) அணைத்தால் இன்னும் இலகும். வீடியோவில் கிடைக்கோடு கிழிவது போலத் தெரிந்தால் திரும்ப ஆன் செய்துகொள்ளுங்கள்.

பழைய_இரும்பு பதில்:

1020-இல் ஃபர்ம்வேர் பிரிண்டருக்குள் தங்காது, ஒவ்வொரு முறை பவர் ஆன் செய்யும்போதும் கணினி அனுப்ப வேண்டும். அதை அனுப்பும் ப்ளக்இன், எச்பி பிரிண்டர்களுக்கான டிரைவரான எச்பிலிப் பேக்கேஜில் சேர்ந்து வருவதில்லை. எச்பி செட்டப் ஓட்டினால் ப்ளக்இன் வேண்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். இணையம் இருக்க வேண்டும். எச்பிலிப்பும் ப்ளக்இன்னும் ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும், ஆகவே அடுத்த பெரிய அப்டேட்டில் எச்பிலிப் மாறினால் ப்ளக்இன்னை மறுபடி போட நேரிடும். முடிந்ததும் பிரிண்டரை அணைத்து ஆன் செய்து, விளக்கு நிலைத்த பிறகு ஒரு டெஸ்ட் பக்கம் அனுப்புங்கள்.