ஏற்காட்டுக் காளான் வாத்தியார்: பழகியவர்கள் எழுதுங்கள்

ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்ன லென்ஸ், காலில் ரப்பர் செருப்பு. போன மாதம் தவறிவிட்டார். 86 வயது. பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால், எல்லோரும் கூப்பிட்ட மாதிரி காளான் வாத்தியார் என்றே எழுதுகிறேன். பூஞ்சைகளுக்காக அறுபது வருடம் உழைத்த மனிதர் இப்படிச் சத்தமில்லாமல் போனது எனக்கு ஆறவில்லை. பழகியவர்கள் எழுதுங்கள். முதலில் நான்.

எனக்கு நாகலூர் பக்கம் நாலு ஏக்கர். 2009 ஜூன் மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேலியோரம் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தார். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, "என்னங்க ஐயா, என்ன விழுந்துடுச்சு?" என்று கேட்டேன். "இலைதான் தம்பி" என்றார்.

பாதி மக்கிய சில்வர் ஓக் இலை ஒன்றை என்னிடம் கொடுத்து, லென்ஸையும் கழற்றிக் கொடுத்தார். கரும்புள்ளி என்று நான் நினைத்த இடத்தில் சின்னச் சின்ன மயிர் மாதிரி நின்றது, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மணி. இது பூஞ்சை, அந்த மணிதான் அதன் வித்து என்றார். இதெல்லாம் இல்லாவிட்டால் உதிர்ந்த இலை மக்காது, வருடா வருடம் விழுந்த சருகு இந்நேரம் உன் இடுப்பளவு நிற்கும் என்றார். பிறந்ததிலிருந்து அந்தச் சருகின் மேல்தான் நடக்கிறேன், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அவர் ஆத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில், டி.எஸ். சதாசிவன் தலைமை வகித்த காலத்தில் படித்தவர். மண்ணில் வாழும் பூஞ்சைகள், பருத்தி வாடல் நோய் என்று அந்த ஆய்வகம் பேர் வாங்கியிருந்த நேரம். ஆனால் இவர் மனசு போனது ஹைபோமைசீட்ஸ் என்ற கூட்டத்தின் பக்கம். குடையும் கிடையாது, வித்தை மூடிவைக்கும் கூடும் கிடையாது. இழையின் நுனியிலேயே வித்தைத் தாங்கி நிற்கும் பூஞ்சைகள். சி.வி. சுப்ரமணியன் இந்திய ஹைபோமைசீட்ஸ் பற்றி எழுதி 1971இல் வெளிவந்த தடித்த புத்தகம் அவர் மேஜையில் எப்போதும் இருக்கும். அட்டை கிழிந்து, துணி ஒட்டி, மறுபடி கிழிந்து கிடந்தது. கல்லூரியில் பாடம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார், ஓய்வு பெற்றதும் மலையேறிவிட்டார்.

வீட்டில் ஒரு அறை முழுக்க மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள். உள்ளே ஈரத்தாள் விரித்து, அதன்மேல் இலைத் துண்டு. நாலு நாள், பத்து நாள், சிலதுக்கு ஒரு மாதம். தினமும் காலையில் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்ப்பார். முளைத்ததை வரைந்து, வித்தின் நீள அகலம் அளந்து எழுதுவார். ஒரு பூஞ்சைக்கு எத்தனை வித்து அளப்பீர்கள் என்று கேட்டதற்கு, "சந்தேகம் தீர்ற வரைக்கும்" என்றார்.

என் தோட்டத்துக்கு அவர் செய்த உதவியைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் காபியைப் பிடிக்கும் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் கடுமையாக இறங்கியிருந்தது. கடையில் சொன்ன விலை கூடின மருந்தை இரண்டு தடவை அடித்தும் இலை கொட்டிக்கொண்டே இருந்தது. இலையைத் திருப்பி ஆரஞ்சுப் பொடியைச் சுரண்டி, நுண்ணோக்கியில் வைத்து, "வா, உன் எதிரியப் பாரு" என்றார். சிறுநீரக வடிவத்தில் வித்துகள். முதுகில் முள் முள்ளாக இருக்கிறது, வயிற்றுப் பக்கம் வழுவழு. பாதி வழுவழுப்பு என்ற பொருளில்தான் இந்தத் துருப் பூஞ்சைக்கு ஹெமிலியா என்று பேர் வைத்தார்களாம், 1869இல், பக்கத்து இலங்கையில் எடுத்த இலையைப் பார்த்து. பின்பாதிப் பேரான வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசகாரி. பேருக்கேற்ற மாதிரி இலங்கையின் காபியை அழித்துத் தேயிலைக்கு வழி விட்டது. அங்கே 1880இல் போய் இறங்கிய மார்ஷல் வார்டு என்ற இளைஞர்தான் இந்த வித்து காற்றில் பரவி, இலையில் நிற்கும் நீர்த்துளியில் முளைத்து, துளை வழியாக உள்ளே போவதை விளக்கினாராம். கூடப் படித்தவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்வார்.

அப்புறம் என்னைக் கேட்டார்: "காபி இலைக்கு மூச்சுத்துளை எந்தப் பக்கம்?" தெரியவில்லை. அடியில் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் மேலிருந்தே அடித்துக்கொண்டிருந்தோம், அதுவும் துரு வந்த பிறகு. மழைக்கு முன்னாலேயே இலையின் அடிப்பக்கம் படிகிற மாதிரி போர்டோ கலவை அடிக்கச் சொன்னார். அடுத்த வருடம் அந்தக் கலவைக்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், வாங்கி வந்தேன். 200 லிட்டருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் டிரம்தான். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெதுவாக ஊற்றவைத்தார். கடைசியில் தீட்டிய கத்தியை உள்ளே கொஞ்ச நேரம் பிடித்து எடுத்தார். அலகில் செம்பு ஏறியிருந்தது. "இத அப்படியே அடிச்சா இலை கருகிடும். இன்னும் ரெண்டு சொம்பு சுண்ணாம்புத் தண்ணி விடு." மறுபடி கத்தி விட்டார். வெள்ளையாகவே வந்தது. வானம் மாதிரி ஒரு நீலம், டிரம் நிறைய.

சரி, நீங்கள் எழுதுங்கள்.

*

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா வாத்தியாரின் மாணவர். வாத்தியார் வருடத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு ஐப்பசி மழையில் பக்கத்துக் காலிமனையில் தட்டு தட்டாக வெள்ளைக் குடை பூத்திருந்தது. புத்துக்காளான் என்று என் மாமியார் ஒரு முறம் பறித்து வந்துவிட்டார். வெங்காயம்கூட உரித்தாயிற்று. அன்றைக்கு என்று வாத்தியார் வந்தார். "குழம்ப நாளைக்கு வைக்கலாம்மா" என்றவர், ஒரு குடையின் காம்பைக் கிள்ளிவிட்டு வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடினார்.

காலையில் தூக்கிப் பார்த்தால் தாளில் சக்கரம் போட்ட மாதிரி பச்சைப் பொடி, குடையிலிருந்து உதிர்ந்த வித்து. புத்துக்காளானாக இருந்தால் லேசான ரோஸ் நிறம் விழும், இது வாந்தியும் பேதியுமாகப் படுக்கவைக்கிற வேறு ஜாதி என்றார். மாமியார் விடவில்லை, வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லையே, மஞ்சள் போட்டால் விஷம் முறியுமே என்று கேட்டார். வாத்தியார் கோபப்படவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளியும் மஞ்சளும் எதையும் காட்டிக்கொடுக்காது, சில காளான்களின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, சாப்பிட்டு அரை நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டி ஈரலைப் பிடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். புத்துக்காளானைப் பறிக்காமல் தோண்டி எடுத்தால் காம்பு வேர் மாதிரி கரையான் புற்று வரைக்கும் போகும் என்றும் காட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டில் நாலு குழந்தைகள் அன்றைக்கு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

*

நான் அவரிடம் நேரடியாகப் படித்தவன். சேர்வராயன் கோயில் பக்கம் கூட்டிப்போனபோது நான் ஒரு பூஞ்சைக்குப் பேர் சொல்லிவிட்டேன். "வித்தப் பாத்தியா?" "இல்ல சார்." "அப்ப அது உன் நெனப்பு, பூஞ்சையோட பேரு இல்ல." இப்போது நான் மாணவர்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

*

முதல் பதிவு எழுதியவன்தான், இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். போன வருடம் அவரால் குனிய முடியவில்லை. நானே ஒரு இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆரஞ்சுத் துருவின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "துருவையே தின்னுற பூஞ்சை, தம்பி. லெக்கானிசிலியம். காபியில இருக்கிற பச்சைச் செதில்பூச்சியையும் இதான் பிடிக்கும். எந்தச் செடி?" மேட்டோரம், மூணாவது வரிசை என்றேன். "அங்க மட்டும் இந்த வருஷம் துத்தம் வேண்டாம். என்ன செய்யுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அந்த வரிசையில் நாலு செடிக்கு இந்த வருடமும் துத்தம் அடிக்கவில்லை.