பொருள்: விண்டேஜ் இன்ஸ்பையர்டு டிரெஸ் - தமிழில் எப்படி? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

அனுப்பியவர்: நூலிழை, கோவை

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மாலைநேரத் தையல் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய காலத்து மாதிரியில் இன்று தைத்த கவுனை வேலைக்கும் கடைக்கும் எப்படி உடுத்துவது என்பதுதான் பாடம். 1947 பிப்ரவரியில் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய உடைகளை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்: இறுகிய இடுப்பு, கெண்டைக்கால் வரை விரிந்து இறங்கும் பாவாடை. அதை அப்படியே போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. அதனால் உள்பாவாடையின் விறைப்பைக் குறை, சுருக்கத்தைப் பாதியாக்கு, ஹீல்ஸுக்குப் பதில் தட்டைச் செருப்பு போடு, தொப்பியும் கையுறையும் வேண்டாம், பழைமை உடையில் மட்டும் இருக்கட்டும், தலைமுடி இன்றைய மாதிரியே இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

தலைப்பில்தான் சிக்கல். விண்டேஜ் என்றால் அந்தக் காலத்திலேயே தைத்தது. விண்டேஜ் இன்ஸ்பையர்டு என்றால் அதைப் பார்த்து இன்று தைத்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதற்குப் 'பழம்பாணி உடை' சரியா?

அனுப்பியவர்: வடமராட்சி

அக்கா, எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் பாணி என்றால் இனிப்புப் பாகு: பனம்பாணி, கித்துள் பாணி. பழம்பாணி என்று போட்டால் புட்டோடு சாப்பிடுகிற சாமான் என்றுதான் நினைப்பார்கள். 'பழஞ்சாயல் உடை' என்று வையுங்கள். சாயல் என்றாலே அது அசல் இல்லை என்பது விளங்கிவிடும்.

அனுப்பியவர்: தேர்ந்தசொல்

பாணி என்பதற்குப் பழைய இலக்கியத்தில் தாளம், பாட்டு, காலம் என்றெல்லாம் பொருள் உண்டு. நடை என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அது கிடக்கட்டும், வேரிலிருந்து வருவோம். விண்டேஜ் என்பது பிரெஞ்சு வழி வந்த சொல். அதற்கும் முன்னே இலத்தீனில் திராட்சைக் கொய்தலைக் குறித்தது. ஆக, அடிப்படை மது. நம்மிடம் மதுவுக்கா பஞ்சம்? 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு 56. தேறல் என்றால் தெளிந்தது. காலத்தில் தெளிந்து நின்ற உடை தேறலுடை. அதன் வழி வந்தது தேறல்வழி உடை. யவனர் கொண்டுவந்த பொருளுக்கு அவர்கள் கலத்திலேயே பெயரும் இருக்கிறது, பாருங்கள்.

அனுப்பியவர்: வடமராட்சி

ஐயா, பாட்டு அருமை. ஆனால் யாராவது ஒரு பிள்ளை அகராதியைப் புரட்டித் தேறல் என்றால் கள் என்று கண்டுபிடித்தால் வகுப்பு என்னாவது?

அனுப்பியவர்: விலைப்பட்டியல், சென்னை

இணையக் கடைக்குப் பொருள் விவரம் மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'பழ' என்று தொடங்கும் எதையும் துணிக்கடைப் பக்கம் கொண்டுவராதீர்கள். பழைய மாடல் என்றால் வாங்குபவர் காதில் விற்காமல் தேங்கிய சரக்கு என்றோ, யாரோ உடுத்திக் கழித்தது என்றோதான் விழும். உடனே தள்ளுபடி கேட்பார். ரெட்ரோ கவுன் என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

அனுப்பியவர்: தேர்ந்தசொல்

ரெட்ரோ, கவுன் இரண்டுமே கடன். அப்புறம் நமக்குக் குழு எதற்கு? கவுனுக்கு அங்கி இருக்கிறதே.

அனுப்பியவர்: விலைப்பட்டியல், சென்னை

அங்கி என்றால் பாதிரியாரும் வழக்கறிஞரும் வந்து நிற்பார்கள். பஃப் கை வைத்த அங்கியை யார் போடுவார்கள்?

அனுப்பியவர்: கட்டம்போட்டது

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மெட்ராஸ் கட்டத்துணி நினைவுக்கு வந்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற துணிக்கடைக்காரர்கள் அதில் தைத்து விற்றார்கள். துவைத்தால் சாயம் போயிற்று. பிறகு சாயம் போவது உறுதி என்பதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். அப்படியொரு பழைய துணி கிடைத்து, அதில் இன்றைய வெட்டில் கவுன் தைத்தால் அது எந்தப் பெட்டியில் சேரும்? பாட்டி சேலையைப் பாவாடையாக்கினாலும் இதே கேள்விதான். துணி பழையது, வெட்டு புதியது. டியோர் வழியில் தைப்பது நேர் எதிர்: துணி புதியது, வெட்டு பழையது. ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டு சொல் இல்லை, மூன்று.

இன்னொன்று. பிரிட்டனில் 1949 வரை துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன் இருந்தது. அங்கே டியோர் பாவாடையின் விரிவைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உண்டு. சுருக்கத்தைப் பாதியாக்கச் சொல்வது பஸ்ஸுக்காக மட்டுமல்ல, துணிச் செலவுக்காகவும்தான் என்று பாடத்தில் ஒரு வரி சேருங்கள்.

அனுப்பியவர்: நூலிழை, கோவை

துணிச் செலவு வரியைச் சேர்த்துக்கொண்டேன், நன்றி. மூன்றாவது சொல்லுக்கு இப்போது நேரமில்லை. மாணவிகளிடமே கேட்டுப் பார்த்தேன். 'அந்தக்கால வெட்டு' என்றார்கள். பழஞ்சாயலுக்கும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். வெட்டு என்றால் அசல் உடை இல்லை, வெட்டும் முறைதான் பழையது என்பது தையல் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. 'அந்தக்கால வெட்டில் அன்றாடக் கவுன்' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன். அசல் விண்டேஜுக்கு 'அந்தக்கால உடை'.

அனுப்பியவர்: விலைப்பட்டியல், சென்னை

வகுப்புக்குச் சரி. கடைக்கு நான் ரெட்ரோதான்.

அனுப்பியவர்: தேர்ந்தசொல்

அந்தக்காலம் என்பது எந்தக்காலம்? சுட்டெழுத்தை வைத்துக் கலைச்சொல் செய்வது எனக்கு உடன்பாடில்லை. 1947ஐயும் 1967ஐயும் ஒரே 'அந்த' எப்படிச் சுட்டும்? தேறல் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.