தேவையற்ற குடல்வால் சத்திரசிகிச்சை: வழக்குப் போடலாமா?

கேள்வி (கிளிநொச்சி): என் தங்கையின் வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்று சொல்லி, ஸ்கான் எடுக்காமலே ஒரு வைத்தியசாலையில் வெட்டி எடுத்தார்கள், வலி நிற்காமல் வேறிடத்தில் காட்டியபோது சிறுநீர்க்குழாயில் கல் இருந்தது தெரிந்தது. தண்ணீர்க்குடம் தூக்க முடியாமல் அவள் படும் பாடு மனதை வருத்துகிறது. வழக்குப் போடலாமா?

பதில் (வவுனியா): முதலில் நோய் நிர்ணய அட்டையையும், எடுத்த குடல்வாலின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் வாங்குங்கள். அழற்சி இல்லை என்று அறிக்கை சொன்னாலும், அன்றிருந்த அறிகுறிகளுக்கு அந்த முடிவு நியாயமானதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

பதில் (முல்லைத்தீவு): நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடமே காலவரம்பு; தாமதிக்காதீர்கள். ஒரு பிள்ளையின் மூளைக்கட்டியைத் தவறாக நிர்ணயித்த வழக்கில், கவனயீனம் காணப்பட்டும் அதுவே மரணத்துக்குக் காரணமென நிறுவப்படாததால், 2001 இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டை நீக்கியது. ஆகவே தங்கையின் பாதிப்புக்கு அந்தத் தவறே காரணமென்று காட்ட, கல்லைக் கண்டறிந்த இரண்டாவது வைத்தியரின் கருத்தை எழுத்தில் பெறுங்கள்.

கேட்டவர்: அட்டை கையில் இருக்கிறது, திசு அறிக்கைக்கு நாளை போகிறேன்.