ஜே.வி.யில் (அமெரிக்கப் பள்ளியின் இரண்டாம் அணி) தோற்காத பிள்ளைகள் வார்சிட்டிக்கு (முதல் அணி) போனதும் ஏன் திணறுகிறார்கள்? பார்த்ததைச் சொல்லுங்கள்

எடிசன் டென்னிஸ்

ஜே.வி. முதல் சிங்கிள்ஸ்ல சீசன் முழுக்கத் தோற்காத பையன். வார்சிட்டி மூணாவது சிங்கிள்ஸ்காரனுக்குக் கணுக்கால் சுளுக்கு, அதனால இவனை இறக்கினாங்க. நியூஜெர்சில 3 சிங்கிள்ஸ், 2 டபுள்ஸ், மொத்தம் 5 பாயிண்ட்னு இங்க எல்லாருக்கும் தெரியும். மத்த நாலு கோர்ட்டும் முடிஞ்சு 2-2. ரெண்டு ஸ்கூல் ஜனமும் இவன் கோர்ட் வேலிக்கு வந்துட்டாங்க.

முதல் செட் 6-2. அதோட எதிராளி வேகமா அடிக்கிறதையே நிறுத்திட்டான். ஒவ்வொரு பந்தையும் உயரமா எழுப்பி பேக்ஹேண்ட் மூலையில போட ஆரம்பிச்சான். இவன் தோளுக்கு மேல வர்ற பந்தை எட்டி அடிச்சு வெளிய விட்டுக்கிட்டே இருந்தான். 4-6. மூணாவது செட் 1-4ல பக்கம் மாறும்போது பாட்டில்ல தண்ணி இல்லை, தொடை துடிக்கிறது வேலிக்கு இந்தப் பக்கம் நின்னவங்களுக்கே தெரிஞ்சுது. 1-6.

அடில குறை இல்லை. ஜே.வி.ல அவன் ஆடினதெல்லாம் 8 கேம் புரோ செட், அதாவது ஒரே செட், முதல்ல 8 கேம் எடுத்தவன் ஜெயிச்சான். அங்க 6-2ன்னா இன்னும் ரெண்டே கேம், எதிராளிக்கு மாத்தி யோசிக்க நேரமே கிடையாது. பெஸ்ட் ஆஃப் த்ரீல (மூணுல ரெண்டு செட் எடுக்கணும்) அதே 6-2க்கு அப்புறம் மறுபடி 0-0. தோத்தவன் உக்காந்து யோசிச்சு வேற ஆட்டத்தோட வருவான். அதுக்குப் பதில் சொல்ற பழக்கம் புரோ செட் மட்டும் ஆடினவனுக்கு எங்கிருந்து வரும்? வேற விளையாட்டுல இதே மாதிரி பார்த்தவங்க எழுதுங்க.

மலைப்பாதை ஓட்டம்

கிராஸ் கன்ட்ரியில் (மேடுபள்ள நிலத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். வார்சிட்டியில் பள்ளிக்கு 7 பேர். ஜே.வி. ரேஸில் பெரும்பாலும் கணக்கு இல்லை, இருக்கிற எல்லாரும் ஓடலாம். தூரம் ஒன்றுதான், 5 கிலோமீட்டர்.

ஒரு மாணவன் ஜே.வி. ரேஸை 18:05க்கு முன்னாலிருந்து ஓடி ஜெயித்தான். மூன்று மைலும் ஏறக்குறைய 5:50, அவன் வேகத்துக்கு மற்றவர்கள் ஓடினார்கள். அடுத்த வாரம் அதே பாதையில் வார்சிட்டி. துப்பாக்கி வெடித்ததும் ஒவ்வொரு அணிக்கும் கோடு போட்டு ஒதுக்கிய தொடக்கப் பெட்டியிலிருந்தும் ஆட்கள் பாய்ந்து ஓடி, 300 மீட்டர் தாண்டிப் பாதை குறுகும் இடத்தில் போய் அடைத்துக்கொண்டார்கள். இவன் அந்தக் கும்பலோடு இழுபட்டு முதல் மைலை 5:20ல் தாண்டினான். கடிகாரத்தைப் பார்த்தபோது அவன் முகத்தில் வந்த கலக்கம் கண்ணிலேயே நிற்கிறது. மூன்றாவது மைல் 6:35. முடித்தது 18:38.

30 வினாடி போனது பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஜே.வி. ரேஸின் முன்வரிசையில் 30 வினாடிக்கு நாலு பேர் வருவார்கள். பெரிய வார்சிட்டி ரேஸின் நடுப்பகுதியில் அதே 30 வினாடிக்குள் முப்பது பேர் வந்துவிடுவார்கள். முதல் 5 பேரின் இடங்களைக் கூட்டித்தானே அணியின் மதிப்பெண், குறைந்தவர் வெற்றி. ஐந்தாவது ஆள் முப்பது இடம் சரிந்தால் முதல் நாலு பேர் சேர்த்து வைத்தது அத்தனையும் கரைந்துவிடும். ஜே.வி.யில் தனியாக முன்னால் ஓடி ஜெயிப்பவனுக்கு, கூட்டத்துக்குள் முழங்கை இடித்து ஒவ்வொரு இடமாகப் பிடுங்கி ஓடும் பழக்கமே வருவதில்லை.

ஹூஸ்டன் அப்பா

எடிசன் நண்பரே, தண்ணி தீர்ந்தது தண்ணி தீர்ந்ததுதான். அதுக்கு ஜே.வி.யை ஏன் குறை சொல்றீங்க? உங்க ஊர்ல வார்சிட்டிக்கு 7 பேர்தான், அதனால நல்ல பிள்ளைங்களும் ஜே.வி.லயே தேங்குறாங்க. டெக்சாஸ்ல இலையுதிர் கால டீம் டென்னிஸ்னா மொத்தம் 19 மேட்ச். பையன்கள் 6 சிங்கிள்ஸ், பொண்ணுங்க 6 சிங்கிள்ஸ், ரெண்டு பக்கமும் தனித்தனியா 3 டபுள்ஸ், ஒரு மிக்ஸட். 10 ஜெயிச்சா டீம் ஜெயிச்சது. ஆறாவது இடத்துல இருக்கிற பிள்ளைக்கும் வார்சிட்டி மேட்ச் கிடைக்குது. இடம் இருந்தா பிள்ளை தானா கத்துக்கும். மைக்கேல் ஜோர்டானையே ஸ்கூல் டீம்லேர்ந்து கழிச்சு விட்டவங்கதானே இந்த கோச்சுங்க!

ஸ்கோர் டேபிள்

ஜோர்டானைக் கழித்துவிட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நடந்தது அதுவல்ல. 1978, வட கரோலினாவில் வில்மிங்டன், லேனி உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு மாணவனான அவரை ஜே.வி.யில் போட்டார்கள். அந்த வகுப்பிலிருந்து வார்சிட்டிக்கு எடுத்தது 6 அடி 7 அங்குல லீராய் ஸ்மித்தை, அணிக்கு உயரம் தேவைப்பட்டதால். ஜோர்டான் அப்போது ஆறடிகூட இல்லை. வார்சிட்டி பெஞ்சில் ஓரமாக உட்கார வேண்டிய வருஷத்தில் ஜே.வி.யில் முழு நேரமும் ஆடினார், ஒரே ஆட்டத்தில் 40 புள்ளிகளும் எடுத்தார். ஜே.வி. கெடுக்கும் என்பதற்கு இதை உதாரணம் காட்ட முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. கூடைப்பந்தில் ஜே.வி. முடிந்ததும் அதே அரங்கில் வார்சிட்டி ஆட்டம். ரெண்டுக்கும் நடுவில் நிற்கும் பையன் இரண்டிலும் ஆடலாம். ஆனால் பல மாநிலங்களில் ஒரு நாளைக்கு இத்தனை குவார்ட்டர்தான் (ஆட்டத்தின் கால் பகுதி) என்று வரம்பு உண்டு, 5 அல்லது 6. ஒரு வினாடி இறங்கினாலும் அது ஒரு குவார்ட்டர். ஒரு நாள் ஜே.வி. இரண்டாவது குவார்ட்டர் முடிய 9 வினாடி இருக்கும்போது, பக்கக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட மட்டும் அப்படி ஒரு பையனை அனுப்பினார்கள். வார்சிட்டி கடைசிக் குவார்ட்டரில் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன்) ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினான். கோச் பெஞ்சைப் பார்த்தார், ஸ்கோர் புத்தகக்காரர் தலையை ஆட்டினார். கணக்கு தீர்ந்திருந்தது. அந்த ஒன்பது வினாடி. இறக்கியிருந்தால் ஆட்டமே எதிரணிக்குப் போயிருக்கும்.

இதற்கு வழி சாதாரணமானது. ஜே.வி. ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆடிய குவார்ட்டர் எண்ணைக் குறித்து, இடைவேளையிலேயே வார்சிட்டி கோச் கையில் சீட்டாகக் கொடுத்துவிட வேண்டும்.

ரிட்டர்ன் பயிற்சி

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் டென்னிஸ் பெற்றோர் நிறையப் பேர் படிப்பதால் எழுதுகிறேன். ஹூஸ்டன் அண்ணா சொன்னபடி இடம் கிடைத்தால் மட்டும் போதாது. எடிசன் சார் காட்டிய குறைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

ஜே.வி. சீசனில் வாரம் ஒரு நாள் முழுதாகப் பெஸ்ட் ஆஃப் த்ரீ ஆட வேண்டும். முதல் செட்டில் யார் ஜெயித்தாலும், இரண்டாவதைத் தோற்றவருக்கு 2-0 என்று கொடுத்துத் தொடங்குங்கள். முன்னிலையில் இருந்தவன் துரத்த வேண்டிய நிலை அப்படித்தான் பழகும். எதிரே ஆடுபவருக்கு ஒரே கட்டளை, இரண்டாவது செட்டில் ஆட்டத்தை மாற்ற வேண்டும்: உயரப் பந்து, இல்லையென்றால் ஸ்லைஸ் (பந்தைச் சீவித் தாழ்வாக விடுவது), இல்லையென்றால் ஒவ்வொரு இரண்டாவது சர்வுக்கும் நெட்டுக்கு வருவது. என்ன மாறியது என்று இரண்டு கேமுக்குள் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உயரப் பந்துக்கு இரண்டு பதில்தான். பின்னால் போய் இடுப்பு உயரத்துக்கு இறங்கவிட்டு அதே உயரத்தில் திருப்பி அனுப்பலாம், அல்லது இரண்டு அடி முன்னால் வந்து எழும்பும்போதே வாங்கலாம். தோளுக்கு மேல் நின்ற இடத்தில் அடிப்பது மூன்றாவது வழி. பதினைந்து பதினாறு வயதில் பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள், பந்து வெளியே போவது அதனால்தான்.

ராக்கெட் இரண்டு வேண்டும், ஒரே நரம்பு, ஒரே இழுவிசை, ஒரே நாளில் கட்டியது. பாலியஸ்டர் நரம்பு அறுவதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும், அறும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே குடிக்க வேண்டும், அரை லிட்டருக்குக் குறையாமல். பையில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, ஒன்றில் உப்பு கலந்தது. பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் தாகம் இல்லாவிட்டாலும் நாலு மடக்கு.

இன்னொன்று. வார்சிட்டிக்கு என்ன குறைகிறது என்று கோச்சிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும், சீசன் முடிந்த வாரத்தில். அம்மா அப்பா மின்னஞ்சல் அனுப்பினால் பொதுவான பதில்தான் வரும். பிள்ளை நேரில் கேட்டால் "இரண்டாவது சர்வ் மெது" என்று குறிப்பாகச் சொல்வார்கள்.

ஹூஸ்டன் அப்பா

2-0 கொடுத்து ஆடுற யோசனை நல்லாயிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நிறைய டோர்னமென்ட்ல மூணாவது செட்டே இல்லை, 10 பாயிண்ட் டைபிரேக்தான், அதாவது செட்டுக்குப் பதிலா 10 பாயிண்ட் வரைக்கும் ஒரே ஓட்டமா ஆடுறது. அதையும் தனியா பழகணும். முதல் நாலு பாயிண்ட்ல பதறினா மேட்ச் போச்சு.

மேட்டு மண்

பேஸ்பால் பக்கமிருந்து ஒன்று. ஸ்கோர் டேபிள் சொன்ன குவார்ட்டர் சிக்கல் இங்கே பிட்ச் (மட்டைக்காரனுக்கு வீசும் பந்து) கணக்கில் வரும். 2017லிருந்து ஏறக்குறைய எல்லா மாநிலமும் பிட்ச் எண்ணிக்கையை வைத்து ஓய்வு நாள் விதி வைத்திருக்கிறது. செவ்வாய் ஜே.வி.யில் வீசியதும் வியாழன் வார்சிட்டியில் வீசுவதும் ஒரே கைதான், கணக்கும் ஒன்றுதான். ஜே.வி. ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸை முடிக்கட்டும் என்று கூட 12 பிட்ச் விட்டதில், ஒரு நாள் ஓய்வு இரண்டாகி, வியாழன் அந்தப் பையன் சீருடையோடு டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

இரண்டு கோச்சுக்கும் ஒரே தாள் இருக்க வேண்டும்: பெயர், தேதி, பிட்ச் எண்ணிக்கை, மறுபடி வீசலாம் என்ற தேதி. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணி எண்ணுபவரோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும், ஆட்டம் முடிந்தபின் சண்டை போட்டுப் பயனில்லை. புல்பென்னில் சூடுபடுத்த வீசியது விதிக் கணக்கில் வராது. தோளுக்கு வரும், அதனால் அதையும் பென்சிலில் ஓரமாக எழுதி வைப்பது நல்லது.