ஏ.எல்.எஸ். நோயாளிக்கு உடற்பயிற்சி எந்த அளவில் நிற்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 61 வயதாகும் என் தந்தைக்கு ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் இருப்பது சென்ற ஆண்டு உறுதி செய்யப்பட்டது. ரிலுசோல் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வலது பாதம் தொங்குவதால் நடக்கும்போது தரையில் இடறுகிறது. வலது தோளையும் முழுமையாகத் தூக்க இயலவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் பக்கவாதத்திலிருந்து பயிற்சியாலேயே மீண்டார் என்பதால், என் அண்ணன் அதே முறையில் காலில் மணல் மூட்டையும் கையில் டம்பெல்லுமாக நாள்தோறும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வைக்கிறார். அப்பா மறுப்பதில்லை, ஆனால் அன்றிரவு சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக்கூடக் கை எழுவதில்லை. பயிற்சியை நிறுத்தினால் தசை இன்னும் விரைவாகத் தேயுமோ என்று அஞ்சுகிறேன். தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உங்கள் அண்ணனின் அக்கறையில் குறையில்லை, ஒப்பீட்டில்தான் பிழை இருக்கிறது. பக்கவாதத்தில் சேதம் ஒருமுறை நிகழ்ந்து நின்றுவிடுகிறது. எஞ்சிய மூளைப் பகுதிகள் இழந்த வேலையைப் பயிற்சியால் மீண்டும் கற்றுக்கொள்கின்றன. ஏ.எல்.எஸ். நோயிலோ நரம்பணுக்கள் தொடர்ந்து மடிகின்றன. அவை கைவிட்ட தசை நார்களுக்கு அருகிலுள்ள நரம்பணுக்கள் புதிய கிளைகளை நீட்டி, தம் சுமையோடு அவற்றின் சுமையையும் தாங்குகின்றன. ஏற்கெனவே இரட்டைப் பணி செய்பவற்றின் மீது மணல் மூட்டையை ஏற்றி இழந்த வலுவை மீட்க முடியாது. அதற்காக அசையாமல் படுக்க வைப்பதும் தவறு, ஏனெனில் பயன்படுத்தாமையால் வரும் நலிவும் மூட்டு இறுக்கமும் நோயின் நலிவோடு சேர்ந்துகொள்ளும்.

வலுவுள்ள தசைகளுக்கு மிதமான பயிற்சி போதும். பேச்சு தடைபடாத வேகத்தில், இடையிடையே ஓய்வு கொடுத்துச் செய்யட்டும். அரை மணி நேர ஓய்வுக்குப் பிறகும் களைப்பு தீராவிட்டாலோ, மறுநாள் வலியும் தசைப்பிடிப்பும் மிகுந்தாலோ அளவைக் குறையுங்கள். தூக்க இயலாத தோளை அவரைப் படுக்க வைத்து, கையை நன்றாகத் தாங்கியபடி, வலி வராத எல்லைக்குள் நீங்களே நாள்தோறும் மெதுவாக அசைத்துக் கொடுங்கள். எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும், அந்த வலி தூக்கத்தையும் கெடுக்கும். தொங்கும் பாதத்துக்கு ஏ.எஃப்.ஓ. எனும் எடை குறைந்த பிளாஸ்டிக் தாங்கியை உடனே பொருத்துங்கள். விழுந்து எலும்பு முறிந்த பிறகு அதைக் கேட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மிகவும் வருந்துகிறேன்.

மறுமொழி 2

இதே நோயுற்ற என் கணவரை நான்கு ஆண்டுகள் கவனித்துக்கொண்டவள் நான். கை கால்களையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் மூச்சைக் கவனிக்கத் தவறினோம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, காலையில் தலைவலி, பகலில் தூக்கம் ஆகியவை தோன்றினால் நுரையீரல் திறன் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியை இரவில் பொருத்திய பிறகே அவருக்கு நிம்மதியான தூக்கம் வந்தது. கையால் அழுத்திக் காற்றூட்டும் ஆம்பு பையால் மூச்சின்மேல் மூச்சாக நிரப்பி, பின் இருமிச் சளியை வெளியேற்றும் முறையையும் இயன்முறை மருத்துவர் எங்களுக்குக் கற்றுத்தந்தார். இன்னொன்று, சகோதரி: அவர் நின்றுகொண்டு குளிப்பதை விட்டு முக்காலியில் அமர்ந்து குளிக்கத் தொடங்கியதும், மிஞ்சிய தெம்பில் மதியச் சாப்பாட்டைத் தம் கையாலேயே உண்டார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சென்னைப் பகுதியில் இந்நோயுடன் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு என்று அவர் கூறுகிறார். அது உண்மையா?

மறுமொழி 1 எழுதியவர்

உண்மைதான், ஆனால் அது வேறு வகை. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று 1970-இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த அது, பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும், காது கேளாமையும் பலருக்குச் சேர்ந்து வரும், மெதுவாகவே முற்றும். உங்கள் தந்தைக்கு எது என்பதை நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள். மணல் மூட்டையை மட்டும் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.